பதினைந்தாவது கையெழுத்து

ராணுவத்தை விட்டு வெளியே வருகிறவன் பதினாலு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பூட்ஸைக் கொடுத்தாயிற்று, கம்பளியைக் கொடுத்தாயிற்று, கொசுவலையை ஓட்டை இல்லாமல் கொடுத்தாயிற்று, நூலகத்துப் புத்தகத்தைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்தாயிற்று என்று அறைக்கு ஒருவர் கையெழுத்துப் போடுவார். சுபேதார் யுவராஜ் தன் காலத்தில் பதினாலும் வாங்கியவர். ஒரு தகர டம்ளர் குறைந்ததால் இரண்டு நாள் கூடுதலாகத் தேசத்துக்குச் சேவை செய்துவிட்டு வந்தவர்.

அவர் வந்த பிறகு பதினைந்தாவதாக ஒரு கையெழுத்து சேர்ந்தது. அது மண்டைக்கு.

காரணம் இல்லாமல் இல்லை. பழைய பட்டாளத்துக்காரர்கள் ஊருக்கு வந்தும் பட்டாளத்தை விடவில்லை. தீபாவளியன்று கட்டிலுக்கு அடியில் படுத்தார்கள். வங்கியில் காவலுக்கு நிறுத்தினால் மேலாளரைச் சுவரோடு சாய்த்துச் சோதனை போட்டார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களும் தொழிற்சாலைக்காரர்களும், "தொழில் தெரிந்த ஆள் வேண்டும், ஆனால் போரைப் பார்க்காத ஆளாக இருக்க வேண்டும்" என்று கேட்கத் தொடங்கினார்கள். போரில் தொழில் கற்றவன் போரைப் பார்க்காமல் எப்படி இருப்பான்? மூளை டாக்டர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். கண் பார்த்ததும் காது கேட்டதும் மண்டைக்குள் ஓர் அறையில் இருக்கின்றன. கை பழகியது வேறோர் அறையில் இருக்கிறது. சைக்கிள் ஓட்ட யார் கற்றுக்கொடுத்தார் என்பதை மறந்தவன் சைக்கிளிலிருந்து விழுவதில்லை அல்லவா? முதல் அறையைக் காலி செய்துவிட்டு இரண்டாவது அறையைத் தொடாமல் விட்டால் போயிற்று. ஒரு தொப்பி, நாற்பது நிமிஷம், ஒரு கையெழுத்து. மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில் வேலை.

இதற்கு 'சிவில் மாற்றப் பிரிவு' என்று பெயர். பட்டாளத்தில் சேரும்போதே விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிட வேண்டும்.

மேல்வேலம்பட்டில் அந்த டிக்கைப் போட்டுக் கொடுப்பவர் சுபேதார் யுவராஜ்தான். அந்த ஊரில் பட்டாளத்துக்கு ஆள் போகாத வீடு இரண்டே இரண்டு. ஒன்று கோயில் பூசாரி வீடு. மற்றது பாதி கட்டியதோடு நின்றுபோன வீடு. ஊர் நாய்கூட எழுந்து நடந்தால் இடது காலைத்தான் முதலில் வைக்கும். அங்கே எந்தப் பையனும் பட்டாளத்துக்குப் போகலாமா என்று யோசிப்பதில்லை. எந்த டிரேடு, அதாவது உள்ளே போய் எந்தத் தொழிலைப் பிடிப்பது என்றுதான் யோசிப்பான். யோசித்துக் களைத்ததும் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு யுவராஜ் வீட்டுக்கு வருவான்.

யுவராஜ் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"வெளிய வந்தா இன்னா வேல?"

அனுபவப்பட்டுப் பிறந்த கேள்வி அது. அவர் டாங்கியில் பீரங்கி சுட்டவர். பதக்கம் வாங்குமளவுக்குச் சுட்டவர். வெளியே வந்து பார்த்தால் மேல்வேலம்பட்டில் ஒரு டாங்கிகூட இல்லை. பதினோரு வருஷம் ஒரு ஏடிஎம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியில் இனி நம் ஊர்ப் பையன் ஒருவனும் உட்காரக்கூடாது என்று உட்கார்ந்தபடியே முடிவு செய்தார்.

அவருடைய மகன் இனியனும் ஒரு நாள் விண்ணப்பத்தோடு வந்தான். கூடவே கவின். கவினுக்குத் தாய் இல்லை, தகப்பன் இருந்தும் இல்லை. எட்டு வயதிலிருந்து யுவராஜ் வீட்டில்தான் சாப்பாடு. அவரை மாமா என்பான், அவர் மனைவி சௌமியாவை அத்தை என்பான். இனியனை என்ன சொல்லிக் கூப்பிடுவான் என்பதை அச்சில் போட முடியாது.

"பேண்டு டிரேடுப்பா" என்றான் இனியன். "டிரம்பெட்டுக்கு ஆள் எடுக்கறாங்க."

"வெளிய வந்தா இன்னா வேல?"

"வாசிப்பேன்."

"எங்க? கண்ணாலத்துலயா, சாவு ஊட்லயா?"

"ரெண்டும் நிக்காம நடந்துகினு தானப்பா கீது."

"மாமா, அவன் நல்லா ஊதுவான் மாமா" என்றான் கவின். "நம்ம தெரு மாடு அவன் ஊதலன்னா பால் கறக்க உடாது."

"நீ பேசாம இரு. உனக்கும் சேத்துத்தான் போடறேன்."

போட்டார். இரண்டு விண்ணப்பத்திலும் 'நர்சிங் அசிஸ்டெண்ட்' என்று தன் பேனாவாலேயே எழுதினார். காயத்துக்கு மருந்து போடுவது, கட்டுக் கட்டுவது. வெளியே வந்தால் ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரி. மூன்றாம் பக்கத்துக் கட்டத்தில் டிக்கும் அவரே போட்டார். கட்டத்துக்குக் கீழே, 'சேவை சார்ந்த இரகசியங்கள் திரும்பப் பெறப்படும்' என்று பொடி எழுத்தில் இருந்தது. கவின் அதைக் காட்டிக் கேட்டான்.

"அது மேப்பு, கோட் வேர்டு, அவ்ளோதான்டா" என்றார் யுவராஜ். "நம்ம மாதிரி ஆளுங்க மண்டையில வேற இன்னா ரகசியம் கீது?"

தன் காலத்துப் பட்டாளத்தை மனதில் வைத்துக்கொண்டு அவர் படித்த ஒரே வரி அதுதான். அதைத்தான் தப்பாகப் படித்தார்.

இனியன் எதுவும் பேசவில்லை. அவன் பேசாதது யுவராஜை உறுத்தவில்லை. கை பேசாததுதான் உறுத்தியது.

அதைச் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு பியூகிள் ஊதுவார்கள். யுவராஜ் ரெஜிமெண்டில் இருந்த நம் ஆட்கள் அந்த மெட்டுக்கு வார்த்தை கட்டி வைத்திருந்தார்கள்: வாங்க, வாங்க, சோறு ஆறுது. சின்ன வயதில் இனியன் அதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டான். வீட்டில் அப்பனுக்கும் மகனுக்கும் சண்டை வரும். யுவராஜ் முகத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து இனியன் பின்னால் வந்து, அவருடைய இடது முன்கையில் மூன்று விரலால் தட்டுவான். டிரம்பெட்டின் மூன்று பொத்தான்களை அழுத்துகிற அதே மூன்று விரல். இரண்டு தட்டு, இரண்டு தட்டு, அப்புறம் தொடர்ந்து ஐந்து. ஐந்தாவது தட்டுக்கு மோதிர விரல் எழும்பாது, அழுத்தியபடியே நிற்கும். "கைய எட்றா கழுத" என்று சொல்லிக்கொண்டே யுவராஜ் எழுந்து சாப்பிட வருவார். மன்னிப்பு, சமாதானம், வருத்தம் என்றெல்லாம் அந்த வீட்டில் வாய்விட்டு யாரும் சொன்னதில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த ஒன்பது தட்டிலேயே குடும்பம் நடந்தது.

காட்பாடியில் ரயில் ஏறிய அன்று இனியன் தட்டவில்லை. யுவராஜ் வேண்டுமென்றே இடது கையை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டுதான் நின்றார். ரயில் நகர்ந்தபோது கையை அவர்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது வருஷம் எல்லையில் சண்டை மூண்டது. பேண்டுக்காரர்களைத் தலைநகரிலேயே விட்டுவிட்டு மற்றவர்களை மேலே அனுப்பினார்கள். காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர்களை எல்லாருக்கும் முன்னால் அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்து, இனியன் பெயர் போட்டு, திறக்கக்கூடாத பெட்டி ஒன்று வந்தது. 'பணியின்போது' என்று ஒரு வார்த்தை மட்டும் எழுதியிருந்தது. எங்கே, எப்படி, எத்தனை நேரம், ஏதாவது சொன்னானா, அப்பனைத் திட்டினானா என்றெல்லாம் அதில் இல்லை.

அதையெல்லாம் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவன்தான், கவின். இரண்டு பேருக்கும் ஒரே யூனிட், ஒரே கூடாரம். மேலே போனவர்களுக்கு லீவு கிடையாது, போனும் கிடையாது. கவினிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. தணிக்கைக்காரர் கைவரிசையில் முழுப் பக்கமும் கறுப்பு மை. கடைசியில் நாலு வார்த்தை மட்டும் தப்பியிருந்தன: 'மாமா, வரும்போது கொண்டாந்து குடுக்கறேன்.'

எதை? கைக்கடிகாரமா, கடிதமா, சட்டைப் பொத்தானா? யுவராஜ் அந்தக் கறுப்புக் காகிதத்தைத் தினமும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நாலு வருஷம் பார்த்தார். வெயிலும் தணிக்கைக்காரர் கட்சிதான்.

ஏழு வருஷ சேவை முடிந்து ஒரு திங்கட்கிழமை காலை கவின் வந்தான். வீட்டு முன்னால் ஜீப் நின்றது. கூட்டிக்கொண்டு வந்த பட்டாளத்து நாயக் அருளப்பன் முதலில் இறங்கி, சுபேதாரைத் தனியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போனார்.

"சாப், பையன்கிட்ட சேவை பத்தி எதுவும் கேக்காதீங்க. சுத்தமா எடுத்தாச்சு."

"மேப்பு, கோடெல்லாந்தான? எடுத்துக்கட்டும்."

"மேப்பா?" நாயக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எது ரகசியம், எது ரகசியமில்லன்னு பிரிக்க ஒரு கமிட்டி போட்டாங்க சாப். ரெண்டு வருஷம் உக்காந்தாங்க. பிரிக்கிறது கஷ்டம், மொத்தமா எடுத்துருங்கன்னு எழுதிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அவனுக்கு இப்ப கடைசியா ஞாபகம் இருக்கிறது ரயில் ஏறினது. அப்புறம் நேத்து மத்தியானம்."

யுவராஜ் ஜீப்பில் உட்கார்ந்திருந்த கவினைத் திரும்பிப் பார்த்தார்.

"என் பையன் செத்தப்ப இவன்தான் பக்கத்துல இருந்தான்."

"அதுவும் சேவைக்குள்ளதான சாப் வருது."

"அப்ப இவனுக்கு அவன் செத்ததே…"

"தெரியாது. நீங்களும் சொல்லிறாதீங்க. ஏழு வருஷத்த வெட்டித் தையல் போட்டிருக்கு. ஆறு மாசத்துக்குப் பெரிய அதிர்ச்சி எதுவும் ஆகாது. தையல் பிரிஞ்சிரும்."

"பிரிஞ்சா ஞாபகம் திரும்பிடுமா?" யுவராஜின் குரலில் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது.

"அங்க திரும்ப ஒண்ணுமே இல்ல சாப். கைப்பழக்கம்தான் மிச்சம். பிரிஞ்சா அதுவும் போயிரும். வேலையும் போயிரும். ரெண்டு பேரை அப்படிப் பாத்திருக்கேன். கரண்டி பிடிக்கக்கூடத் தெரியாம ஆயிட்டாங்க." அவர் ஒரு தாளை நீட்டினார். "ஒப்புக்கொண்டதுக்கு இங்க ஒரு கையெழுத்து."

யுவராஜ் கையெழுத்துப் போட்டார். அந்தப் பையனுக்காக அவர் பேனா எடுப்பது அது இரண்டாவது தடவை.

ஜன்னலருகில் நின்று சௌமியா கேட்டுக்கொண்டிருந்தாள். சுவரிலிருந்து மாலை போட்ட இனியன் படத்தைக் கழற்றினாள். எங்கே வைப்பது என்று அரை நிமிஷம் சுற்றிப் பார்த்தாள். பிறகு அரிசி டிரம்மைத் திறந்து, அரிசியைத் தள்ளி, உள்ளே படுக்க வைத்து மூடினாள்.

கவின் ஏழு வருஷத்துக்கான தோளும் மீசையுமாக உள்ளே வந்தான். சிரிப்பு மட்டும் பத்தொன்பது வயதில் நின்றிருந்தது.

"சர்ட்டிபிகேட்ல ஏழு வருஷம்னு போட்டுகீது மாமா. எனக்கு முந்தாநாள் காட்பாடியில ரயில் ஏறினாப்ல கீது. அத்த, இன்னா இப்டி எளச்சிட்ட?"

"சக்கரடா" என்றாள் சௌமியா. "வா, குந்து. சாப்டு."

மூன்று தோசை போகும்வரை அவன் கேட்கவில்லை. நாலாவது தோசையில் கேட்டான்.

"இனியன் எங்க மாமா? அந்த நாய்க்கு எப்ப டிஸ்சார்ஜ்?"

சௌமியாவின் தோசைக்கரண்டி கல்லின் மேல் அப்படியே நின்றது. தோசை கருகும் வாடை வந்தது.

யுவராஜ் சட்னிக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

"அவன் பேண்டுக்கு மாத்திகினு போய்ட்டான்டா."

"நெசமாவா? நீங்க உட்டீங்களா?"

"உட்டேன்."

"நீங்களா!"

"நான்தான் எழுதிக் குடுத்தேன். புள்ள ஆசப்பட்டது. வெளிய வந்தா இன்னா வேலன்னு பாத்துகினே இருந்தா முடியுமா?"

கவின் கைகொட்டிச் சிரித்தான். "ஜெயிச்சிட்டான் மாமா அவன். உங்களையே ஜெயிச்சிட்டான்."

"ஆமா" என்றார் யுவராஜ். "ஜெயிச்சிட்டான்."

சாப்பிட்டு முடித்ததும் மெல்லக் கேட்டார். "கவினு, எனக்குக் குடுக்க எதுனா கொண்டாந்தியாடா?"

"இன்னா குடுக்கணும் மாமா?" அவன் உண்மையாகவே விழித்தான். டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினான். இரண்டு சட்டை, சீப்பு, சோப்புப் பெட்டி, சர்ட்டிபிகேட். அவன் குளிக்கப் போனதும் யுவராஜ் சட்டை மடிப்புகளைத் தடவினார், பெட்டியின் அடித்தகட்டைத் தட்டிப் பார்த்தார், கடைசியில் சோப்பை இரண்டாக உடைத்தும் பார்த்தார். உள்ளேயும் சோப்பாகத்தான் இருந்தது.

அதன்பின் இனியனின் பேண்டு வாழ்க்கை தொடங்கியது. ஊர் முழுக்கப் பழைய பட்டாளம் என்பதால், வாயைத் திறக்கக்கூடாது என்று யுவராஜ் போட்ட ஒரே உத்தரவில் ஊரும் அதற்கு உடந்தையாயிற்று. ஒரு பொய் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது. வட்டார ஆஸ்பத்திரியில் காயக்கட்டு அறையில் வேலைக்குச் சேர்ந்த கவின், தினமும் சாயங்காலம் வந்து, "லெட்டர் வந்துச்சா மாமா?" என்பான். யுவராஜ் முகத்தை மாற்றாமல் சொல்வார். இனியன் ஜனாதிபதி மாளிகையில் ஊதினான். ஜனாதிபதி இன்னொரு தரம் கேட்டார். கப்பலில் ஊதினான், டால்பின்கள் வரிசையாக நின்று கேட்டுவிட்டுக் கலைந்து போயின. மலைமேல் ஊதினான், எதிரொலி அரை சுருதி குறைந்து வந்ததால் மலையை மாற்றிவிட்டார்கள். கவின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். ஒரு நாள் அவர் கதை கிடைக்காமல் தடுமாறியபோது, அடுப்படியிலிருந்து சௌமியாவின் குரல் வந்தது. "அவனுக்குச் சளி புடிச்சிகீதாம். நாலு நாளா ஊத முடியலியாம். துளசி போட்டுக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி எழுதுங்க."

மறுவாரம் கவின் வீட்டில் இல்லாத நேரம். சௌமியா அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"இந்த வாரம் ஒண்ணும் வரலியா?"

யுவராஜ் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அரிசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சு" என்றார். "சளி வுட்டுச்சாம்."

ஆறாவது மாதத் தொடக்கத்தில், மழை பெய்து முடிந்த ஒரு காலை, குளியலறைக் கூரையைச் சரிசெய்யப் போன யுவராஜ் சறுக்கி விழுந்தார். தகரம் இடது முன்கையை நீளமாகக் கிழித்துவிட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். காயக்கட்டு அறை வாசலில் பெஞ்சு நிறைய ஆட்கள். அவருக்கு முன்னால், எண்ணெய் தெறித்த கையோடு ஒரு வடைக்கடை அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"பெரியவரே, உள்ள கீற தம்பிகிட்டயே கட்டிக்க" என்றாள் அவள். "வேற ஆள் கட்டினா ஆறாது. இது கட்டி முடிச்சிட்டு மேல வெரலால மந்திரம் போடும். அது போட்டாத்தான் ஆறும்."

பக்கத்தில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்தாள். "மந்திரமும் இல்ல, மண்ணும் இல்ல. மொதல் நாளே நான் கேட்டுட்டேன், இன்னா தம்பி தாளம் போடறன்னு. கட்டு அப்படித்தான் சிஸ்டர் முடியும்னுது. எந்தப் புஸ்தகத்துல கீதுன்னா தெரியாதாம். பேஷண்டு சிரிக்கறாங்க, வாணாம்னு சொன்னேன். அன்னிக்குப் பூரா அதால ஒரு முடிச்சு ஒழுங்காப் போட முடியல. சரி, தட்டித் தொலன்னு உட்டுட்டேன்."

யுவராஜ் உள்ளே எட்டிப் பார்த்தார். கவின் ஒரு கிழவரின் கணுக்காலில் கட்டைச் சுற்றி முடித்துக்கொண்டிருந்தான். முதுகுதான் தெரிந்தது. கை தெரியவில்லை.

வடைக்கடை அம்மா போய் வந்தாள். அவர் முறை வந்தது.

"இன்னா மாமா இது! கூர மேல ஏறச் சொல்லி யார் அழுதாங்க?" கவின் துண்டை அவிழ்த்தான். காயத்தைக் கழுவினான், மருந்து வைத்தான், துணிச்சுருளை எடுத்தான். அவன் வாய் பாட்டுக்கு அத்தையின் சர்க்கரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. கை வேறொரு மனிதனுடையதைப் போல வேலை செய்தது. சுற்றியது, மடித்தது, கிழித்தது, முடிச்சுக்கு இழுத்தது.

அப்புறம் மூன்று விரல் கட்டின் மேல் வந்து நின்றது.

இரண்டு தட்டு. இரண்டு தட்டு. தொடர்ந்து ஐந்து. ஐந்தாவதில் மோதிர விரல் எழும்பவில்லை. அழுத்தியபடியே நின்றது.

யுவராஜ் அந்த விரலையே பார்த்தார். இந்தப் பையனுக்கு டிரம்பெட்டைப் பிடிக்கவே தெரியாது. அவர் வீட்டு அப்பன்-மகன் சமாதானத்தில் அவன் ஒரு நாளும் கைவைத்ததில்லை. தள்ளி நின்று பார்த்துச் சிரித்திருக்கிறான், அவ்வளவுதான். இந்த அழுத்தம் பார்த்துக் கற்றது இல்லை. யாரோ அவன் கைமேல் தட்டிக் கொடுத்தது. அப்பாவுக்கு என்று சொல்லிக் கொடுத்தது. மண்டையில் வைத்தால் பதினைந்தாவது அறையில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டிருக்கிறது. அதனால் கையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான். நாலு வருஷமாக, அடிபட்டு வந்த ஒவ்வொருவன் கட்டின் மேலும் தட்டித் தட்டி, அது இல்லாவிட்டால் முடிச்சே விழாது என்னும்வரை கைக்குப் பழக்கியிருக்கிறான். எத்தனை கை, எத்தனை கால். அதில் எத்தனை பேர் பிழைத்தார்களோ. அவர்கள் அத்தனை பேரும் சுபேதார் யுவராஜை ஒன்பது தட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவருக்குத்தான் கேட்கவில்லை.

"மாமா? இன்னா, வலிக்குதா?"

அவர் தலையாட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா அவருக்கே தெரியவில்லை. கேட்டுவிடலாம். யாருடா கொடுத்தது என்று கேட்டுவிடலாம். ஆறு மாதம் முடிய இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது. முடிந்த பிறகு கேட்டாலும் அவனிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டான். கொடுத்தது அவனுக்குத்தான் தெரியாது.

கவின் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டே, "இனியன் லெட்டர் எதுனா வந்துச்சா மாமா?" என்றான்.

"வந்துச்சு."

"இன்னா எழுதிகீறான்?"

"சாப்ட்டியான்னு கேட்டுகீறான்."

"அவ்ளோதானா? கஞ்சப்பய." கவின் சிரித்துவிட்டு வாசலைப் பார்த்தான். "சரி மாமா, எந்திரிங்க. வெளிய கூட்டம் நிக்குது."

யுவராஜ் எழுந்திருக்கவில்லை. கட்டுப் போட்ட கையை மேசைமேல் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார்.

"கட்டு லூசா கீதுடா" என்றார். "அவுத்துட்டு இன்னொரு தரம் கட்டு."

வாசலில் வரிசை முணுமுணுத்தது. தன் கட்டை முதல் தடவையாக ஒருவர் குறை சொன்ன வருத்தத்தோடு கவின் குனிந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான்.